காக்கை இறகும் அம்மாவின் தும்மலும்

போன வியாழக்கிழமை என் மகள் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு காக்கை இறகைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வேனிலிருந்து இறங்கினாள். நீளமான, கருநீலம் மின்னுகிற நல்ல இறகு. அதைப் பார்த்தவுடன் நான் போட்ட சத்தத்தில் வேன் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

"தொடாதே! கீழே போடு! நேரா பாத்ரூமுக்குப் போ, தலைக்குக் குளிக்கணும்!"

"எந்துக்கு மம்மி? ஃபெதர்தானே?"

எதற்கு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அவளைக் குளிக்க அனுப்பிவிட்டுப் பறவைக் காய்ச்சலைப் பற்றிக் கைபேசியில் கால் மணி நேரம் படித்தேன். பயம் குறையவில்லை. குழந்தை மருத்துவருக்கு ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். அவள் அழிரப்பரைக் கடித்துவிட்டாள் என்று போன மாதம்தான் அவரைத் தொந்தரவு செய்திருந்தேன். ஒரு தாய்க்கு வருடத்துக்கு இத்தனை பதற்றம்தான் அனுமதி என்று அவர்களிடம் ஏதாவது கணக்கு இருக்குமோ என்று தோன்றியது.

இவ்வளவு பதறுகிற நான்தான், அவள் வயதில், காக்கை இறகைத் தேடித் தேடிச் சேர்த்தவள். ஒரு மார்கழி முழுக்க எனக்கு அதுவே வேலை. எல்லாம் என் மாமாவுக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், நானூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பாட்டு ஒன்றுக்காக.

அப்போது நாங்கள் செகந்தராபாத்தில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே பணிமனையில் வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். சனத்நகரில் ஒரு பட்டறையில் அச்சு, கருவி செய்கிற பிரிவில் வேலை. எதைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டிவிடுவார். மாட்டியபின் ஓரிரண்டு திருகாணிகள் மிஞ்சும், ஆனால் பொருள் ஓடும். அந்தப் பெருமையில் வீடு வீடாகப் போய்ப் பழுது பார்ப்பார். அப்படித்தான் தார்நாகாவில் ஒரு விஞ்ஞானியின் வீட்டுக்கு வாஷிங் மெஷினைப் பார்க்கப் போனார். வாஷிங் மெஷின் ஒரே நாளில் சரியாகிவிட்டது. மாமா மட்டும் அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்க்கொண்டிருந்தார்.

காரணம் ஒரு பெட்டி என்று அவர் எங்களிடம் சொன்னார். அந்த வீட்டில் ஒரு அக்காவும் இருந்தார் என்பதை அவர் அவ்வளவாகச் சொல்லவில்லை. நாகப்பட்டினம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அக்கா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். இன்று அவர் என் மாமி. அன்று எனக்கு வெறும் தார்நாகா அக்கா. மாமாவுக்குப் பெட்டியின் மேல் ஏன் இத்தனை ஆசை என்பதை அந்தக் குவார்ட்டர்ஸில் புரிந்துகொள்ளாத ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

பெட்டியின் பெயர் வர்ஜினல். மாமா ஒரு ஞாயிறு என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். நீளமான மரப்பெட்டி, கால்கள் கிடையாது, மேசை மேல் வைத்து வாசிக்க வேண்டும். முன்னால் ஆர்மோனியம் மாதிரிக் கட்டைகள், நாற்பத்தைந்து. உள்ளே குறுக்கே கம்பிகள். ஒரு கட்டையை அழுத்தினால் அதன் மறுமுனையில் நிற்கும் மெல்லிய மரத்துண்டு மேலே எழும்பும். அதில் செருகியிருக்கும் சின்ன முள் கம்பியைச் சுண்டிவிடும். வீணையைப் பெட்டிக்குள் படுக்கவைத்து ஆர்மோனியக் கட்டையால் மீட்டுகிற மாதிரி. பியானோ வருவதற்கு முன்னால் இங்கிலாந்து வீடுகளில் இதைத்தான் வாசித்தார்களாம். அக்காவின் அப்பா இதைப் பாகம் பாகமாக வரவழைத்து, அவரே பூட்டியிருந்தார். விஞ்ஞானி அல்லவா, திருகாணி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் உள்ளேயிருந்த பிளாஸ்டிக் முட்கள் ஹைதராபாத்தின் இரண்டு கோடையைத் தாங்கவில்லை. எல்லாம் பொடிந்து உதிர்ந்துவிட்டன. கட்டையை அழுத்தினால் 'டொக்' என்று மரச்சத்தம் மட்டும்தான்.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, செகந்தராபாத்தில் ஒரு தேவாலயத்துக் கூடத்தில் அக்கா அதில் பழைய இங்கிலாந்துப் பாட்டு ஒன்றை வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குள் பெட்டி பேசாவிட்டால் தச்சனிடம் கொடுத்து அலமாரி செய்துவிடப்போவதாக அவருடைய அப்பா சொல்லிவிட்டார். மாமா ஷாம்பு பாட்டிலை வெட்டி முள் செய்து பார்த்தார். பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைச் சீவிப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை. அப்போதுதான் அக்கா ஒரு புத்தகத்தில் படித்துச் சொன்னார்: அந்தக் காலத்தில் அந்த முள்ளைக் காக்கை இறகின் தண்டில்தான் செதுக்கினார்கள்.

"காக்காய்க்கா நம்ம வீட்டுல பஞ்சம்?" என்றார் மாமா. சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அம்மாவை நினைத்திருப்பார்.

எங்கள் வீட்டில் காக்கைக்கு இரண்டு இடங்கள். பின்பக்க மதில்மேல் அது முன்னோர். அதற்குச் சோறு வைக்காமல் அம்மா ஒரு வாய் சாப்பிட மாட்டார். மதிலுக்கு இந்தப் பக்கம் அது தீட்டு. அதன் இறகு வீட்டுக்குள் வரக் கூடாது, அது மேலே பட்டால் தலைக்குக் குளிக்க வேண்டும். இது போதாதென்று மாமா தார்நாகாவுக்குப் போவதே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தம்பிக்குத் திருச்சிப் பக்கம் பெண் பார்க்கச் சொல்லி அவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்த சமயம். "அந்தப் பெட்டிப் பேச்சு இந்த வீட்டுல எடுக்கக் கூடாது" என்று உத்தரவே போட்டிருந்தார்.

ஆகவே மாமா என்னைப் பின்வாசல் படிக்கட்டுக்கு அழைத்துப் போய், சமையலறை ஜன்னலுக்குக் கீழே உட்காரவைத்து, ரகசியமாக வேலை கொடுத்தார்.

"சின்ன இறகு ஆகாது. சிறகுல இருக்கிற பெருசுதான் வேணும். தண்டு கெட்டியா இருக்கணும். நகத்தால அழுத்திப் பாரு. பள்ளம் விழுந்தா தூக்கிப் போட்டுடு. விழலைன்னா அது முதல் தரம். உங்கம்மாவுக்குத் தெரியவே கூடாது. சத்தியம்?"

"சத்தியம். ஆனா எதுக்கு மாமா அந்தப் பாட்டு?"

மாமா தார்நாகாவில் கேட்டதைத் தனக்குத் தெரிந்த மொழியில் சொன்னார்.

"அந்த ஊர்ல ஒரு ராஜா. அவருக்கும் போப்பாண்டவருக்கும் சண்டை. போய்யா, நான் தனி லைன் போட்டுக்கறேன்னு பிரிஞ்சுட்டாரு. அப்புறம் அவர் மகன் வந்து பழைய பூசையெல்லாம் நிறுத்திட்டான். அப்புறம் பெரிய பொண்ணு வந்து பழையபடியே திருப்பினா. அப்புறம் சின்னப் பொண்ணு வந்து மறுபடியும் மாத்தினா. ஒரே ஸ்டேஷன், நாலு ஸ்டேஷன் மாஸ்டர், ஆளுக்கொரு சிக்னல். நடுவுல மாட்டிக்கிட்டது யாரு சொல்லு?"

"டிரைவரு."

"கோயில்ல பெட்டி வாசிச்சவன்! நேத்து வரைக்கும் லத்தீன் பாட்டு. இன்னிக்கு அதையே பாடினா குத்தம். சில ஊர்ல கோயில் ஆர்கனையே பிடுங்கிப் போட்டாங்களாம். அவன் என்ன பண்ணுவான்? வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு, இந்த மாதிரிப் பெட்டியில பழைய பூசைப் பாட்டை மெதுவா வாசிச்சான். வாயைத் திறக்காம. வார்த்தையே இல்லாத பாட்டை யாரு வந்து பிடிக்கிறது?"

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது, வீட்டுக்குத் தெரியாமல் தப்புச் செய்வதற்கென்றே வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த பெட்டி அது என்பதுதான். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

இரண்டு வாரத்தில் நாங்கள் வேகமாக முன்னேறினோம். பள்ளிக்கூட மைதானம், ரயில்வே கிளப்பின் வேலி ஓரம் என்று நான் பொறுக்கிக்கொண்டு வருவேன். மாமா தண்டைப் பிளந்து, சீவி, சின்னச் சின்ன முட்களாக நறுக்குவார். ஒரு இறகில் இரண்டு முள் தேறும். உடையாமல் வளைவதற்கு அவற்றை எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். ஆலிவ் எண்ணெய் என்று புத்தகத்தில் இருந்ததாம். நாங்கள் நல்லெண்ணெயில் ஊறவைத்தோம். பதினைந்து முள் பெட்டிக்குள் ஏறிவிட்டது. பாக்கி முப்பதும் ஒரு பிஸ்கட் டப்பாவில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால், அடுத்த ஞாயிறுக்காக ஊறிக்கொண்டிருந்தன.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். உதிரியாக ஐந்தாறு கையிருப்பு இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. எதிலும் கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளும் பயம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது. ஒரு நாள் காலை மதில்மேல் கூடையைக் குச்சியில் நிறுத்தி, குச்சியில் கயிறு கட்டி, உள்ளே சோற்றை வைத்துக் காக்கைக்காகக் காத்திருந்தேன். காக்கையைப் பிடித்து, இரண்டே இரண்டு இறகை மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு விட்டுவிடுவதாகத் திட்டம். கூடைக்குள் ஒன்றும் போகவில்லை. பின்னாலிருந்து ஒன்று வந்து என் உச்சந்தலையில் நகத்தால் ஓங்கி அறைந்துவிட்டுப் போனது. நான் அலற, அது அலற, மெட்டுகுடாவில் இருந்த காக்கைகள் எல்லாம் எங்கள் மதிலுக்கு வந்து கூட்டம் போட்டன.

அம்மா ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் துவைக்கிற கல்லின் மேல் நிறுத்தி, தலையில் தண்ணீரைக் கொட்டினார். மூன்றாவது சொம்பு ஊற்றும்போது கல்லுக்குப் பின்னால் டப்பாவைப் பார்த்துவிட்டார்.

திறந்தார். முகர்ந்து பார்த்தார்.

"நல்லெண்ணெயா இது?"

நான் தலையை ஆட்டினேன்.

"சனீஸ்வரனுக்கு விளக்கேத்தற எண்ணெயில அவரோட வாகனத்தையே ஊற வச்சிருக்கீங்களா ரெண்டு பேரும்? அதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய்க் கிண்ணம் வறண்டு கிடக்கா? வரட்டும் உங்க மாமா! கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில போடு இதை!"

நான் சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை. அப்படித்தான் எனக்குப் பெயர். அழுதுகொண்டே டப்பாவை எடுத்துப் போய்த் தெருமுனைத் தொட்டியில் போட்டேன். போட்டதோடு விடவில்லை. மாநகராட்சி லாரி வந்து தொட்டியைக் கவிழ்த்து அள்ளிக்கொண்டு போகும் வரை, ஈரத் தலையோடு நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

"போட்டுட்டியா?" என்று கேட்டார் அம்மா. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டேன்மா."

கத்தி நின்றது. "நிஜமாவே போட்டுட்டியா?"

"ஆமாம்மா. லாரி எடுத்துட்டுப் போற வரைக்கும் நின்னு பார்த்தேன்."

அம்மா பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வெங்காயத்தால் கண் கலங்கி. பிறகு நறுக்கியதையே மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

சாயங்காலம் மாமா வந்ததும் நானே சொல்லிவிட்டேன். அவர் அம்மாவோடு சண்டை போடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "சொன்னதைச் செய்யற பிள்ளையை என்ன சொல்றது?" என்று சிரித்துவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். அம்மா கொண்டு போய் வைத்த காப்பி அப்படியே ஆறி ஆடை படிந்தது. இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. முப்பது முள் வேண்டும். பதினைந்து இறகு. பள்ளி மைதானத்தையும் கிளப் வேலியையும் நான் ஏற்கெனவே துடைத்து எடுத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, மதில்மேல், சோறு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு இறகு இருந்தது. பெரியது. பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு சிறு கல். நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை. அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்த நாள் ஒன்று. எல்லாமே முதல் தரம்.

மாமாவிடம் ஓடினேன். அவர் இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், சமையலறை ஜன்னலைப் பார்த்தார். பிறகு முகத்தை ரொம்பவும் பக்தியாக வைத்துக்கொண்டு, "உங்க தாத்தாதான் அனுப்பறார்" என்றார்.

"தாத்தாவா?"

"பின்னே? தினமும் வந்து சாப்பிடறாரில்ல? உயிரோட இருந்தப்ப எனக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கிக் குடுத்ததில்ல. இப்ப இறகு அனுப்பறார். எல்லாம் காலம்!"

நான் முழுதாக நம்பினேன். கல் வைத்திருந்ததுதான் எனக்குப் பெரிய சான்று. தாத்தா எதையும் ஒழுங்காக வைக்கிற மனிதர் என்று அம்மா எப்போதும் சொல்வார். நன்றிக்கு என் பங்கு மிக்சரில் பாதியை மதில்மேல் கொண்டு போய் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தார். வழக்கமாகச் சாப்பாட்டுப் பொருளை வீணடித்தால் முதுகில் ஒன்று விழும். அன்று "காரம் அதிகம், அதுக்குத் தாகம் எடுக்கும்" என்று சொல்லி ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

மற்றபடி அம்மாவின் கோபத்தில் ஒரு குறைவும் இல்லை. தார்நாகா என்ற சொல் காதில் விழுந்தால் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே வைக்கப்படும். அந்த வருடம் நல்ல குளிர். விடியுமுன் அம்மா குளித்துக் கோலம் போடுவார், விளக்கேற்றுவார், பிறகு பால் வாங்கப் போவார். திரும்பி வந்ததும் கொல்லையில் மறுபடியும் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். பெரியவர்கள் மார்கழியில் இரண்டு முறை குளிப்பார்கள்போல என்று போர்வைக்குள் இருந்தபடி நினைத்துக்கொள்வேன். நான் எழுந்து வரும்போது தலையில் ஈரத் துண்டோடு அடுப்படியில் நின்று இருமிக்கொண்டிருப்பார். "குளுருக்கு வெந்நீர் வச்சுக் குளியேன்" என்று அப்பா சொன்னதற்கு, "ரெண்டு தடவை யாரு வெந்நீர் வைக்கிறது?" என்றார்.

மாமா ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து முள் சீவினார். கடைசி முள்ளைச் செருகியது நிகழ்ச்சிக்கு முந்தைய நாள்.

பெட்டியைத் தார்நாகாவிலிருந்து செகந்தராபாத்துக்குக் கொண்டு போக ஒரு டிராலி ஆட்டோவைப் பிடித்தார்கள். தூசி படாமல் இருக்கப் பெட்டியை வெள்ளைப் படுக்கை விரிப்பால் சுற்றியிருந்தார்கள். அதை இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு மெதுவாக வருவதைப் பார்த்த ஓட்டுநர் வண்டியை விட்டே இறங்கிவிட்டார்.

"நக்கோ பாய்! மய்யத் நை லே ஜாத்தூ மை!"

பிணத்தை ஏற்ற மாட்டேன் என்கிறார். மாமா அவசரமாக விரிப்பை விலக்கி ஒரு கட்டையைத் தட்டினார். 'டிங்' என்றது. ஓட்டுநர் குனிந்து பார்த்தார்.

"ஹவ்! பாஜா ஹை ரே!" என்று, வாத்தியம்தான் எனத் தெரிந்து சிரித்துவிட்டு அவரே ஒரு பக்கம் பிடித்து ஏற்றினார்.

பெட்டியை அனுப்பிவிட்டு மாமா என்னை அழைத்துப் போக வேறொரு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார். நானும் மாமாவும்தான் போவதாக இருந்தது. புறப்படும் நேரத்தில் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, காதை மறைத்துக் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். "குழந்தையைத் தனியா உன்கூட அனுப்ப முடியாது. வேற எதுக்காகவும் இல்ல" என்றார். மாமா ஆட்டோவில் நகர்ந்து இடம் விட்டார்.

கூடத்தில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். வர்ஜினலின் ஒலி எவ்வளவு சிறியது என்பது அங்கேதான் தெரிந்தது. மின்விசிறிகளை நிறுத்தினார்கள். கதவைச் சாத்தினார்கள். நாற்காலியில் யாரும் அசையக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். அக்கா வாசிக்கத் தொடங்கினார். கம்பிகள் அத்தனையும் பேசின. மழை நின்றபின் தகரக் கூரையில் சொட்டுகிற மாதிரி, அடுக்கடுக்காக, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு. என் இறகு! என் தாத்தாவின் இறகு! மாமா பக்கத்துச் சுவரில் சாய்ந்து, மூச்சுவிடாமல், ஒவ்வொரு கட்டையையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மா தும்மினார்.

சின்னத் தும்மல் இல்லை. ரயில்வே குடும்பத்துத் தும்மல். நாற்பது தலைகளும் திரும்பின. அம்மா கம்பளித் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அரை நிமிடத்தில் இரண்டாவது. அதை அடக்கப் பார்த்ததில் இன்னும் விநோதமான சத்தம் வந்தது. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம்போல இருந்தது. அக்கா நிறுத்தவில்லை. உதட்டோரம் சிரிப்போடு வாசித்து முடித்தார். முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருந்தபோது மூன்றாவது தும்மல் வந்தது. அதையே அடையாளமாக வைத்துக்கொண்டு கூடம் கைதட்டியது.

பிறகு தேநீரும் கேக்கும். அக்கா நேராக அம்மாவிடம் வந்தார். அதுதான் அவர்கள் முதல்முறை பேசியது. மாமா ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"நடுவுல ஒண்ணு மெதுவா போய்ட்டே இருந்துச்சே, அது என்னம்மா?" என்று கேட்டார் அம்மா.

அக்காவின் முகம் மாறியது. "உங்களுக்கு அது கேட்டுச்சா? பாட்டு படிச்சவங்களுக்கே எடுத்துச் சொன்னாத்தான் தெரியும்!"

"அடுப்படியில நின்னுகிட்டே நாலு பேர் பேசறதையும் கேக்கறவ நான். இது கேக்காதா?"

"அதுதாங்க பழைய பூசைப் பாட்டு. கோயில்ல லத்தீன்ல பாடினது. வார்த்தையை எடுத்துட்டு மெட்டை மட்டும் நடுவுல நீளமா வச்சுட்டாங்க. மேலயும் கீழயும் விரல் ஓடிட்டே இருக்கும். கேக்கறவங்க அந்த ஓட்டத்தைத்தான் கவனிப்பாங்க."

"பயந்துகிட்டு ஒளிச்சு வச்சாங்களா?"

அக்கா யோசித்தார். "எல்லாரும் அப்படின்னு சொல்ல முடியாதுங்க. மெட்டு மேல கட்டறது அதுக்கு முன்னாடியே இருந்த வழக்கம். சில பேர் பழக்கத்துல எழுதியிருக்கலாம். ஆனா பழைய மதத்தை விடாம அபராதம் கட்டினவங்களும் இருந்தாங்க. ஒருத்தர் அரசியோட கோயில்லயே சம்பளத்துக்கு வாசிச்சுட்டு, வீட்டுல கதவைச் சாத்திப் பழைய பூசை கேட்டுட்டு இருந்தாராம்."

"அரசிக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் சொல்றாங்க. அவளுக்கு அவர் பாட்டு பிடிக்கும். அதனால தெரியாத மாதிரியே இருந்துட்டா."

"கெட்டிக்காரி" என்றார் அம்மா. சொல்லிவிட்டு நான்காவது முறை தும்மினார். அக்கா ஓடிப் போய் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதை வாங்கிக் குடித்தார். தூணுக்குப் பின்னாலிருந்து மாமா அப்போதுதான் வெளியே வந்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏம்மா அவ்வளவு சத்தமாத் தும்மினே? எல்லாரும் பார்த்தாங்க. மானமே போச்சு."

"மார்கழிப் பனி" என்றார் அம்மா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருச்சிக்குக் கடிதம் போவது அந்தத் தையோடு நின்றது. அடுத்த வருடம் மாமாவுக்கு இரண்டு முறை கல்யாணம் நடந்தது, அதே அக்காவோடு, ஒன்று கோயிலில், ஒன்று தேவாலயத்தில். இரண்டிலும் அம்மாதான் முன்னால் நின்றார். வர்ஜினல் இன்னும் மாமியின் வீட்டில் இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் வாசித்துக் காட்டுவார்.

வியாழக்கிழமை சாயங்காலம், மருத்துவருக்கு அனுப்பாத செய்தியை அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"குளிப்பாட்டிட்டியா?"

"ஆச்சும்மா."

"இறகு?"

"குப்பையில போடச் சொல்லிட்டேன்."

"ஏண்டி அவசரம்? நகத்தால அழுத்திப் பார்த்தியா? பள்ளம் விழலைன்னா எடுத்து வை. உங்க மாமிக்கு ரெண்டு கட்டை சரியாப் பேசலையாம். வெயில்ல கிடந்ததுன்னா வேணாம், பொரிஞ்சிருக்கும். விடிகாலையில மரத்தடியில விழுந்ததுதான் நிக்கும். சரி, நாளைக்கு மாவு அரைக்க உளுந்து போட்டியா இல்லையா?"

போட்டுவிட்டேன் என்று சொன்னேன். போடவில்லை. போன் அணைந்த பிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். நகத்தால் அழுத்திப் பார்ப்பது மாமா எனக்கு மட்டும், சத்தியம் வாங்கிக்கொண்டு, சமையலறை ஜன்னலுக்குக் கீழே சொன்னது. மெட்டுகுடாவில் பால் பூத்துக்குப் போகிற வழியில் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தன. காக்கைகள் அடைகிற மரங்கள். தொட்டால் தலைக்குக் குளிக்க வேண்டும். கொல்லையில் இரண்டாவது முறை தண்ணீர் விழும் சத்தம். ஈரத் துண்டு. இருமல்.

மறுபடி அழைத்துக் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். அம்மாவின் எண்ணை எடுத்தேன், வைத்தேன். இத்தனை வருடம் சொல்லாததை இப்போது கேட்டால் அம்மாவுக்குக் கோபம்தான் வரும். கேட்காமல் இருப்பதும் சரியா என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

மகளின் ஷூவைப் பள்ளிக்குத் துடைத்து வைக்கப் போனபோது, இடது ஷூவுக்குள்ளிருந்து அந்த இறகின் நுனி எட்டிப் பார்த்தது. அவள் என்னைப்போல் சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை இல்லை. எடுத்து, தண்டை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை. இருந்த இடத்திலேயே, நுனி அதே அளவு தெரியும்படி, திருப்பி வைத்தேன். பிறகு போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன்.

"மம்மி, காலையிலதானே ஹெட் பாத் பண்ணினே? மறுபடி எந்துக்கு?" என்றாள் மகள், ஷூ இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு.

"வெயில்" என்றேன்.

நம்பிவிட்டாள்.